கணவாய் ஓடும் நாலு சில்லும்

இனிமேல் இந்த வீட்டில் ஒருவரிடமும் யோசனை கேட்பதில்லை என்று கிறகரி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு முடிவெடுத்தான். பிள்ளைகள் இரண்டும் கொழும்பில் படிக்கின்றன. வீட்டில் இருந்தது அவனும் மனைவி மாக்கிறட்டும் மட்டும். ஆகவே அந்த முடிவு யாரைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பதில் எவருக்கும் சந்தேகம் வராது. மாக்கிறட்டுக்கும் வரவில்லை. மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, "நல்லது. எனக்கும் தொண்டை நோகாது," என்றாள்.

இத்தனைக்கும் காரணம் கார்ச் சில்லு.

பள்ளிமுனையில் கிறகரியின் வளவுக்குள், பூவரச மரத்தின் கீழே முப்பது வயதான ஜப்பான் கார் ஒன்று நின்றது. நிறம் சிவப்பு என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. வெயில் அதைப் படித்துப் பார்க்காமல் தன் விருப்பத்துக்கு வேறு நிறம் அடித்து வைத்திருந்தது. ஆனால் அந்தக் காருக்கு ஒரு பெருமை உண்டு. அதன் நாலு சில்லும் இரும்பு இல்லை, அசல் அலுமினியம். கதவுகளின் கீழ்ப்பக்கமாக ஓடும் பட்டியும், கண்ணாடிகளைச் சுற்றிய பட்டியும் அதே அலுமினியம். புதிதாக இருந்த காலத்தில் அவை மின்னியிருக்கும். மன்னார்த் தீவின் உப்புக் காற்றுக்கு மின்னுகிற எதையும் பிடிக்காது. நாலு சில்லிலும் வெள்ளையாக ஒரு பூஞ்சணம் படிந்து, இடைக்கிடை பொட்டுப் பொட்டாக அரித்தும் போயிருந்தது.

கிறகரி கனவு காண்கிற ஆள். கந்தோரில் கடிதங்களுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் பாதி அங்கே, பாதி வேறெங்கோ இருப்பான். அந்த வருசம் அவன் கண்ட கனவு ஒன்றே ஒன்றுதான். அக்கா றோசம்மாவின் மகள் பெற்றிசியாவுக்கு வைகாசியில் கலியாணம். கிறகரி அவளுக்குத் தாய்மாமன், போதாததற்கு ஞானத்தகப்பனும் அவன்தான். அந்தக் குடும்பத்தில் தாய்மாமன்தான் பெண்ணைக் கோயிலுக்கு ஏற்றிப் போகவேண்டும். தாழ்வுபாட்டிலிருந்து கார் மெல்ல மெல்ல வரும். ஒரு பக்கம் கடல் வெளிச்சம், மறுபக்கம் பனை நிழல். சில்லு நாலும் சுழலச் சுழல வெயில் அவற்றில் இறங்கி ஏறி விளையாடும். பள்ளிமுனைக் கோயில் வாசலில் கார் நிற்கும். அவன் கோட்டுச் சூட்டோடு இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறப்பான். வெள்ளை உடுப்பில் பெண் இறங்குவாள். படமெடுப்பவர் அப்போது பொத்தானை அமத்துவார். அந்தப் படம் அவர்கள் வீட்டு விறாந்தையில் காலம் முழுக்கத் தொங்கும். கனவு அந்த இடத்தில் நிற்கும், பிறகு முதலிலிருந்து தொடங்கும்.

றோசம்மா வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள்.

"தம்பி, மற்றதெல்லாம் பூவைச் சோடிச்சு மறைக்கலாம். இந்தச் சில்லை என்னெண்டு மறைக்கிறது? சாம்பல் பூசின மாதிரிக் கிடக்கு."

"அக்கா, நான் மினுக்கிப்போடுவன்."

"மினுக்கினால் உன்ர கார். இல்லாட்டி வின்சன்டின்ர வான். அது வெள்ளை, ஏசியும் இருக்கு."

வின்சன்ட் மாக்கிறட்டின் தம்பி. அவனுடைய வான் போன வருசம் வாங்கியது. அதில் குறை கண்டுபிடிக்க கிறகரி இரண்டு நாள் முயன்றான். ஒன்றும் அகப்படவில்லை. கனவு இல்லாத வண்டி என்று மனதுக்குள் சொல்லி ஆறிக்கொண்டான்.

இனிக் கைவசம் மூன்று கிழமைதான். கிறகரி யோசித்தான். சிப்பிச் சுண்ணாம்பு அடித்தால் சுவர் வெளுக்கிறது. சோடா போட்டால் வேட்டி வெளுக்கிறது. இரண்டையும் சேர்த்தால் சில்லு வெளுக்காமல் எங்கே போகும்? அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் முன் இடப்பக்கச் சில்லுக்குச் சுண்ணாம்பையும் சோடாவையும் குழைத்து அப்பிவிட்டுப் போனான். அது சீறியது, நுரைத்தது. ஊத்தை பயந்து ஓடுகிறது என்று அவனுக்குப் புளுகம் தாங்கவில்லை. பிரசங்கம் முழுக்க அவன் காதில் அந்தச் சீறல்தான் கேட்டது. வந்து கழுவிப் பார்த்தால் சில்லு அட்டைக் கறுப்பு.

மாக்கிறட் கையில் மீனோடு வந்து பார்த்தாள்.

"நல்ல காலம், முகத்துக்குப் பூசிப் பாக்கேல்லை."

"உமக்கென்ன தெரியும் சில்லைப் பற்றி?"

"சில்லைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஓடத்தான் தெரியும்."

இது கிறகரிக்குப் பிடிக்காத கதை. மாக்கிறட்டுக்கு உண்மையாகவே வாகனம் ஓடத் தெரியும். சண்டை முடிந்த கையோடு ஊருக்கு வந்த தொண்டு நிறுவனம் ஒன்றின் பிக்கப்பை அவள் மூன்று வருசம் ஓடியவள். முசலிப் பக்கத்துச் சேற்றிலும் மடுப் பக்கத்துப் புழுதியிலும் அவள் ஓடாத பாதை இல்லை. நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. லைசென்ஸ் அலுமாரிக்குள் கிடந்தது. காரை முடுக்கும் திறப்பை அவள் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் கிறகரி ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"இது உம்மட பிக்கப் இல்லை. வயது போன வண்டி. மனமறிஞ்சு ஓடவேணும்."

"அது எனக்குப் பழக்கம்தானே. உங்களோட இருவத்திரண்டு வருசமா ஓடுறன்."

ஆகவேதான் அந்த முடிவு. யோசனை கேட்பதில்லை. செத்தாலும் கேட்பதில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்தான். கடற்காற்று வந்து கண்ணிமையைத் தடவியது. பாதிக் கண்ணில் நித்திரை, பாதிக் கண்ணில் வேலி. வேலிக் கதியாலில் எதுவோ பளபளத்தது. முதலில் அதைக் கனவில் வரும் சில்லு என்றே நினைத்தான். அது சுழலவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் மாக்கிறட் மினுக்கிக் கவிழ்த்த சோற்றுச் சருவச்சட்டி. இருபத்திரண்டு வருசம் அடுப்பில் இருந்த சட்டி, நேற்றுக் கடையில் வாங்கியதுபோல வெயிலில் தகதகவென்று கிடந்தது.

அதுவும் அலுமினியம்.

கிறகரி எழுந்து உட்கார்ந்தான். கேட்பதில்லை என்றுதானே முடிவு? பார்ப்பதில்லை என்று சொல்லவில்லையே. அவள் கையிலிருக்கும் வித்தையை அவளுக்கே தெரியாமல் உருவி எடுத்துவிடலாம். தன் புத்தியை நினைக்க அவனுக்கே மெய் சிலிர்த்தது.

"இஞ்சரும் மாக்கிறட்."

"என்னப்பா?"

"உம்மட கையைப் பாக்கப் பாவமா இருக்கு."

"எந்தக் கை?"

"ரெண்டும்தான். எத்தினை வருசமாச் சட்டி பானை மினுக்குறீர். இண்டு தொடக்கம் அது என்ர பொறுப்பு."

மாக்கிறட் கிட்ட வந்து அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லை. சுவாமியிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யிற அளவுக்கு ஏதும் செய்துபோட்டியளோ?"

"ஒரு புருசன் பெண்சாதிக்கு உதவி செய்தால் குற்றமோ?"

"குற்றமில்லை. புதினம்."

அவள் பூவரச மரத்தடியைப் பார்த்தாள். கறுத்த சில்லைப் பார்த்தாள். வேலியில் கிடந்த சட்டியைப் பார்த்தாள். கடைசியாகப் புருசனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அன்புச் சிரிப்பு என்று கிறகரி எடுத்துக்கொண்டான். அதில் அன்பும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

"சரி," என்றாள். "நான் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறன். பிழை விட்டால் சொல்லுறன்."

இதைவிட வேறென்ன வேண்டும்? ஆசிரியை தானாகவே பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டாள்.

முதல் நாள் அவன் அடிப்பிடித்த தாச்சி ஒன்றோடு குந்தினான். தேங்காய்த் தும்பையும் சாம்பலையும் எடுத்துத் தேய்க்கப் போனான்.

"பொறுங்கோ. கறுப்பு ஏறினதுக்குச் சாம்பல் ஆகாது. பழப்புளியைக் கரைச்சு ஊத்திக் கொதிக்க விடுங்கோ. தானாக் கழண்டு வரும்."

கழன்று வந்தது. புளித் தண்ணீர் கறுத்துக்கொண்டு போகப் போகத் தாச்சி வெளுத்துக்கொண்டு வந்தது. கிறகரி அடுப்படியில் நின்று அந்தக் கொதியைப் பார்த்தபடி, சில்லை எப்படி அடுப்பில் ஏற்றுவது என்று கனவு கண்டான். பிறகு, கொதித்த புளியில் சீலையைத் தோய்த்துச் சில்லில் சுற்றிவிட்டாலே போதும் என்று தன்பாட்டில் கண்டுபிடித்தான். அன்று பின்னேரம் சுற்றிப் பார்த்தான். சுண்ணாம்பின் கறுப்பு பாதி இறங்கிவிட்டது. அவன் விசிலடித்தான். மாக்கிறட் கேட்கவில்லை, ஏன் விசில் என்று.

மூன்றாம் நாள் அவன் கடற்கரை மணல் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தான்.

"ஐயோ, மண்ணே? கீறிப்போடும். பேந்து அந்தக் கீறலுக்கை ஊத்தை குடியிருக்கும்."

"அப்ப நீர் என்னத்தால மினுக்கிறனீர்?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஆனால் இது சட்டியைப் பற்றிய கேள்வி, சில்லைப் பற்றியதில்லை. முடிவு முறியவில்லை.

"கணவாய் ஓடு," என்றாள் மாக்கிறட். "என்ர அப்பா படகுக்காரர். எங்கட வீட்டில வேறென்ன இருந்தது? காய வைச்சு இடிச்சு, சீலையில அரிச்சு, தேங்காயெண்ணெயில குழைக்க வேணும். மாவைவிட நைசா இருக்கவேணும்."

அடுத்த நாள் விடியக் கிறகரி கடற்கரைக்குப் போனான். வற்றுக்கடல். தண்ணீர் தூரத்தில் ஒதுங்கிப் படுத்திருந்தது. ஈர மணலில் வானம் கிடந்தது. கரை நீளத்துக்குச் சாதாழைப் பாசிக்குள் கணவாய் மீனின் ஓடுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அவன் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தான். எடுக்க எடுக்க இன்னும் தூரத்தில் ஒன்று தெரிந்தது, அதற்கப்பால் இன்னொன்று. காலடியில் மணல் குளிர்ந்தது. கந்தோருக்கு நேரமாகிறது என்பதும், தான் ஏன் வந்தான் என்பதும்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. சாரத்தை மடித்துக் கட்டி அதற்குள் ஓடுகளை நிரப்பிக்கொண்டு, இப்படியே நடந்தால் தலைமன்னார் வரைக்கும் போய்விடலாம்போல இருந்தது. அவ்வளவு சந்தோசமாக அவன் இருந்து கன காலம்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அம்புறோஸ் தலையை நிமிர்த்தினான்.

"கிறகரியண்ணை, கிளி வளக்கிறியளோ?"

"இல்லை."

"கிளிக்குத்தான் இந்த ஓடு குடுக்கிறவை. எத்தினை கிளி?"

"நாலு," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

கணவாய் ஓட்டுத் தூளும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த குழம்பைப் பழஞ்சாரத் துண்டில் தொட்டு, ஒரே போக்கில் தேய்க்க வேண்டும். மாக்கிறட் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்தபடி சொல்லிக்கொடுத்தாள். தேய்த்ததும் துணி மையாகக் கறுத்தது. கிறகரி பயந்து கையை எடுத்தான்.

"நிப்பாட்டாதையுங்கோ. கறுப்பு வந்தால்தான் வேலை நடக்குது. கறுப்பு வாறது நிக்கிற வரைக்கும் தேய்க்கவேணும்."

"எப்ப நிக்கும்?"

"எனக்கு இருவத்திரண்டு வருசமா நிக்கேல்லை."

அந்தக் கிழமை முடிய வீட்டுச் சட்டி பானை எல்லாம் பளிச்சிட்டன. இனிப் பாடம் முடிந்தது என்று கிறகரி நினைத்தான். திங்கட்கிழமை பின்னேரம் வின்சன்டின் வான் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து ஆறு கிடாரமும் பன்னிரண்டு பெரிய சருவச்சட்டியும் இறங்கின. கோயில் மாதர் சங்கத்துப் பாத்திரங்கள். சங்கத் தலைவி மாக்கிறட். கலியாண வீட்டுக்கு எடுக்குமுன் அவற்றை மினுக்குவது அவள் பொறுப்பு.

"உங்கட மருமகளின்ர கலியாணச் சமையல்தானே," என்றாள். "பெரிய பாத்திரத்தில கை பழகினால் எந்த வளைவும் லேசா வரும். விளிம்பு, குழி, காது எல்லாம்."

விளிம்பு, குழி. சில்லிலும் அவைதான். அவள் அறியாமல் எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லுகிறாள் என்று கிறகரி பூரித்தான். ஒரு கிடாரத்துக்குள் அவன் தலைகீழாக இடுப்பு வரைக்கும் இறங்கவேண்டியிருந்தது. உள்ளே ஒலி வேறு மாதிரி இருந்தது. கடல் தூரத்தில் இரைவதுபோலக் கேட்டது. அதற்குள் தலையை விட்டுத் தேய்த்தபடி அவன் கலியாணக் காரை ஓட்டினான். தாழ்வுபாட்டு ரோட்டில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பக்கத்து வீட்டு நசீறா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கிடாரத்துக்கு வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"மாக்கிறட்டக்கா, உங்கட ஆள் இவ்வளவு நல்லவரோ?"

"நானும் இப்பதான் கண்டுபிடிச்சனான்," என்றாள் மாக்கிறட், விரலுக்கு நகப்பூச்சுப் பூசிக்கொண்டு. இருபத்திரண்டு வருசத்தில் அவள் நகத்தில் நிறம் தங்கியது அதுதான் முதல் தடவை.

கந்தோரில் லீவு போட்டுவிட்டு, கிடாரம் முடியும்வரை பகல் அவற்றுக்கு, பின்னேரம் சில்லுக்கு என்று கிறகரி உழைத்தான். பிறகு முழு நாளும் சில்லுக்குத்தான். ஒரு சில்லுக்கு இரண்டு நாள். ஆணித் துவாரத்துக்குள் ஈர்க்கில் சீலை சுற்றி விட்டுத் துடைத்தான். கதவுப் பட்டிகளை நெடுகத் தேய்த்தான். கண்ணாடிப் பட்டி வளையும் மூலைகளைச் சின்ன விரலால் தேய்த்தான். கடைசியாக உப்புக் காற்றுத் தொடாமல் இருக்க, மெழுகுதிரியை உருக்கி மெல்லிசாக ஒரு பூச்சு. அதுவும் மாக்கிறட் கேத்திலுக்குச் சொன்ன வித்தைதான்.

அரிப்பு விழுந்த பொட்டுகள் சில அப்படியேதான் நின்றன. ஆனால் பொழுது சாயும் நேரம் அவன் எட்டத்தில் போய் நின்று பார்த்தபோது அவை தெரியவில்லை. பூவரச மரத்துக்குக் கீழே நாலு வெளிச்சம் நின்றது. மஞ்சள் பூ ஒன்று விழுந்து முன் சில்லில் பட்டு உருண்டது. கிறகரி பார்த்தபடியே நின்றான். கலியாணமான அன்றுகூட அவன் இப்படி நின்றதில்லை. அன்று கூட்டம் அதிகம்.

றோசம்மா வந்து பார்த்தாள். ஒரு சில்லைச் சுற்றினாள், மற்றதைச் சுற்றினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, உன்ர கார்தான்."

"இதை ஒருத்தரும் தொடக்கூடாது," என்றான் கிறகரி. "தூசு பட்டாலும் நான்தான் துடைப்பன். வேற கை பட்டால் கீறிப்போடும். சொல்லிப்போட்டன்."

"ஓம் ஓம், ஒருத்தரும் தொடமாட்டினம்," என்று எல்லோருக்குமாக மாக்கிறட் வாக்குக் கொடுத்தாள்.

கலியாண நாள் காலை. கார் தாழ்வுபாட்டில் பெண் வீட்டு வாசலில் பூச்சோடனையோடு நின்றது. சாம்பல் நிறக் கோட்டு காரின் பின் சீற்றில் மடித்துக் கிடந்தது. வந்த ரோட்டில் கொஞ்சம் தூசு. மெழுகுக்கு மேலே வெறும் சீலையால் ஒரு தட்டுத் தட்டினால் போயிருக்கும். ஆனால் கிறகரிக்கு மனம் கேட்கவில்லை. ஒரேயொரு முறை, கடைசி முறை என்று கணவாய்த் தூளும் எண்ணெயும் எடுத்துக் குந்திவிட்டான். மெழுகு கழன்றது. கறுப்பு வந்தது. கறுப்பு வந்தால்தான் வேலை நடக்குது. நாலு சில்லும் முடித்து நிமிர்ந்தபோது அவன் கை இரண்டும் முழங்கை வரைக்கும் மை.

அந்த நேரம்தான் பெற்றிசியா படியிறங்கி வந்தாள். வெள்ளை உடுப்பு. பின்னால் நாலு முழத்துக்கு வால்.

"மாமா!" என்று அவள் ஆசையாகக் கூப்பிட, கிறகரி ஆசையாகக் கையை நீட்ட, றோசம்மா போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற கழுதைகள் ஓடின.

"அந்தக் கையோட கிட்ட வராதை! தொட்டியோ, கலியாணம் நாளைக்குத்தான்!"

சவுக்காரம் வந்தது. பிழிந்து தேய்க்கத் தேசிக்காய் வந்தது. மண்ணெண்ணெய் வந்தது. கை கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. மூன்று கிழமைக் கறுப்பு நகக் கண்ணுக்குள் வீடு கட்டியிருந்தது.

"கையுறை போடுறன்," என்றான் கிறகரி.

மாக்கிறட் நீலப் பட்டுச் சீலையில் அமைதியாக வந்து நின்றாள்.

"போடுங்கோ. நல்ல யோசனை. ஆனால் ஒண்டு கேக்கிறன். இஞ்சயிருந்து பள்ளிமுனைக்குப் போகேக்க ரோட்டுத் தூசு சில்லில ஏறுமோ ஏறாதோ?"

"ஏறும். இப்ப மெழுகும் இல்லை."

"கோயில் வாசல்ல கார் நிண்ட உடன படம் எடுப்பினம். அதுக்கு முதல் ஆர் துடைக்கிறது?"

"நான்தான்! வேற ஆர்?"

"நீங்கள் ஸ்ரியறிங்கில இருந்தால், இறங்கி, கையுறையைக் கழட்டி, நாலு சில்லும் துடைச்சு, பேந்து கையுறையைப் போட்டுக் கதவைத் திறக்கவேணும். அதுவரைக்கும் பிள்ளை காருக்குள்ள இருந்து வேர்க்கிறதோ?"

கிறகரி யோசித்தான்.

"வின்சன்ட் துடைக்கட்டுமே?" என்று கேட்டாள் மாக்கிறட்.

"அவன் தொடக்கூடாது! கீறிப்போடுவான்!"

"அதுதானே நானும் சொல்லுறன். அப்ப நீங்கள்தான் வாசல்ல முன்னுக்கே போய் நிக்கவேணும். கார் வந்த உடன துடைச்சுவிட."

"ஓம்," என்றான் கிறகரி. எல்லாம் ஒழுங்காக, ஒன்றின் பின் ஒன்றாக, அவனே சொன்னதுபோல இருந்தது. "ஓம், அதுதான் சரி." பிறகுதான் அவனுக்கு ஒரு சின்ன இடறல் வந்தது. "அப்ப காரை ஆர் ஓடுறது?"

மாக்கிறட் கையை நீட்டினாள். வெள்ளையான கை, துப்பரவான கை, நகத்தில் றோசா நிறம். மூன்று கிழமையாக ஒரு சட்டியும் தொடாத கை. றோசம்மா கிறகரியின் காற்சட்டைப் பையிலிருந்து இரண்டு விரலால் திறப்பை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"மனமறிஞ்சு ஓடும், மாக்கிறட்," என்று மட்டும் சொன்னான் கிறகரி. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

வின்சன்டின் வானில் ஏசி நன்றாகவே வேலை செய்தது. பின்னால் மினுக்கிய கிடாரங்கள் ஆறும் கலியாணச் சாப்பாட்டோடு ஒன்றோடொன்று மெதுவாக இடித்துப் பேசிக்கொண்டு வந்தன. கிறகரி மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, யன்னலால் போகும் பனைகளைப் பார்த்தான். அந்த ரோட்டில் அவன் கனவில் எத்தனை தரம் பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறான்! இப்போது பெண்ணும் இல்லை, ஸ்ரியறிங்கும் இல்லை.

"யோசிக்காதையுங்கோ அத்தான்," என்றான் வின்சன்ட். "அக்கா கவனமா ஓடுவா. மூண்டு கிழமைக்கு முந்தியே எனக்குச் சொல்லிப்போட்டா. கலியாணத்தண்டு உங்களை நேரத்தோட கோயிலடிக்குக் கொண்டுபோய் விடவேணுமாம்."

"மூண்டு கிழமைக்கு முந்தியோ?"

"ஓம். நீங்கள் சட்டி மினுக்கத் தொடங்கின அண்டு."

கிறகரி பையைத் திறந்து துணியை எடுத்து உதறி மடித்தான். கோயில் வாசலில் துணியோடு போய் நின்றான். கூட்டம் கூடியது. மணி அடித்தது.

வளைவில் கார் தெரிந்தது. அவன் கனவில் கண்டபடியேதான் வந்தது, கனவில் இருந்ததைவிட மெதுவாக. ஒரு குழியிலும் விழவில்லை, கியர் ஒன்றும் முனகவில்லை. பக்கவாட்டில் கடல் வெளிச்சம் நின்றது. சில்லு நாலும் வெயிலை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தன. சனங்கள், "ஆ!" என்றார்கள். ஸ்ரியறிங்கில் மாக்கிறட், தலையை நிமிர்த்திக்கொண்டு, நீலச் சீலையில், கலியாணப் பெண்ணையே மறந்து பார்க்கும்படி இருந்தாள். கிறகரியும் மறந்துதான் பார்த்தான். கோபப்பட வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது கார் அவன் முன்னால் நின்றுவிட்டது.

அவன் குனிந்து ஓடி ஓடித் துடைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"அண்ணை, அங்கால விலகுங்கோ! இன்னும்! குனியுங்கோ!" என்று படமெடுப்பவர் கத்தினார். கிறகரி விலகினான், குனிந்தான். மாக்கிறட் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தாள். வெள்ளை உடுப்பில் பெண் இறங்கினாள். படமெடுப்பவர் அமத்தினார்.

அல்பம் வர ஒரு மாதம் எடுத்தது. ஒரு பின்னேரம் இருவரும் விறாந்தையில் இருந்து பார்த்தார்கள். கிறகரி வேகமாகத் தாள் புரட்டினான். பூசையில் அவன் தூணுக்குப் பின்னால். சாப்பாட்டில் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால். நடுப்பக்கம் முழுவதும் அந்தப் படம் இருந்தது. பூச்சோடித்த கார், வெள்ளை உடுப்பில் பெண், கதவைப் பிடித்தபடி மாக்கிறட். கிறகரி பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

"எல்லாரும் இருக்கினம்," என்றான். "நான் ஒருத்தன்தான் இல்லை."

"ஆர் சொன்னது? வடிவாப் பாருங்கோ."

மாக்கிறட் றோசா நகத்தால் தொட்டுக் காட்டினாள். முன் சில்லின் நடுவே புடைத்து நின்ற மூடியில் தேசிக்காய் அளவில் ஓர் ஆள் தெரிந்தான். பெரிய தலை, சின்னக் கால். குனிந்தபடி, கையில் சாரத் துண்டு. கண், மூக்கு, மீசை எல்லாம் அச்சொட்டாக விழுந்திருந்தன. அவ்வளவு மினுக்கம்.

கிறகரி அல்பத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். மாக்கிறட் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"உங்களை விட்டிட்டுப் போகேல்லையப்பா," என்றாள். "சில்லில ஏத்தித்தான் கொண்டு போனனான்."